யோசேப்புக்கு வசனம் கிடையாது

“சார், எனக்கு டயலாக்கே வரலையே?”

நாலு பக்கத் தாளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டான் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன். கபிரியேல் தூதருக்கு ஒன்றரைப் பக்கம். ஏரோது ராஜாவுக்கு முழுதாக ஒரு பக்கம். நடுநடுவே ‘பலத்த சிரிப்பு’ என்று மூன்று இடத்தில் குறிப்பு வேறு. சத்திரக்காரனுக்குக்கூட ‘இடமில்லை, போ’ என்று இரண்டு தடவை கத்த வாய்ப்பு இருந்தது. யோசேப்பின் பெயர் வருகிற இடத்திலெல்லாம் ‘நடக்கிறார்’, ‘நிற்கிறார்’, ‘மறுபடியும் நிற்கிறார்’.

“யோசேப்புக்கு டயலாக் கிடையாதுலே. திரை விழுற வரைக்கும் அசையாம நிக்கணும். அதான் உன் பார்ட்டு” என்றார் தமிழாசிரியர்.

பையனுக்கு நம்பிக்கை வரவில்லை. தாளின் பின்பக்கத்தை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டான்.

தாமிரபரணி கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பக்கம் வாழைத் தோட்டமும் மறுபக்கம் தேரிமணலுமாகக் கிடக்கும் ஊரில் உள்ள அரசு உதவிபெறும் கத்தோலிக்க ஆண்கள் மேல்நிலைப் பள்ளி அது. கிறிஸ்துமஸ் விழாவைப் பார்த்து எழுத வருகிறேன் என்றதும் தலைமையாசிரியரான ஃபாதர் ஒரு நிபந்தனை போட்டார். “ஸ்கூல் பேரு வேண்டாம். பேரு போட்டா நீங்க நல்லதா மட்டும் எழுதணும். பேரு இல்லேன்னா உள்ளதை எழுதலாம்.” எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. நான் படித்ததும் இதே மாவட்டத்தில் இதே மாதிரி ஒரு பள்ளியில்தான். அதன் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. ஏன் என்பது ஆட்டுக்குட்டி வரும் இடத்தில் தெரியும்.

தமிழாசிரியர் சொன்னதில் தப்பில்லை. நான்கு நற்செய்தி நூல்களைத் துழாவினாலும் யோசேப்பு வாய்திறந்து பேசிய ஒரு வார்த்தை கிடைக்காது. கனவு காண்கிறார்; விழித்து எழுந்து, கனவில் சொன்னபடி செய்கிறார். மத்தேயு எழுதியதில் அப்படி நாலு கனவு. ஆனால் பேசாத அந்தத் தச்சருக்குத் தமிழில் ஒரு பெருங்காப்பியம் இருக்கிறது. இத்தாலியில் பிறந்து, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்த இயேசு சபைத் துறவி கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, அதாவது நம் வீரமாமுனிவர், பாடிய ‘தேம்பாவணி’. மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாட்டு. காப்பியத் தலைவன் வளன். அதுதான் யோசேப்புக்கு அவர் வைத்த தமிழ்ப் பெயர். நாட்டுப் படலம், நகரப் படலம் என்று நம் மரபுப்படியே தொடங்கி யூதேயா தேசத்தையே வயலும் வாய்க்காலுமாக ஆக்கிவிட்டார் மனிதர். பெஸ்கியின் பெயரிலேயே ஜோசப் இருக்கிறது பாருங்கள். தன் பெயர்கொண்ட புனிதருக்கு விவிலியம் வைத்த பாக்கியை வட்டியோடு தீர்த்தார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. அந்த வட்டியில் ஒரு பைசாகூடப் பள்ளி நாடகத்துக்கு வந்து சேரவில்லை.

இரவல் பாலன்

விழா நாள், அரையாண்டுத் தேர்வின் கடைசி நாள். காலையில் சமூக அறிவியல் பரீட்சை. மதியம் கிறிஸ்துமஸ். விரலில் மை காயாமலே பையன்கள் கலர் சட்டைக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் சீருடைக்குள்ளேயே கலர் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தேர்வே எழுதியிருந்தார்கள் என்று கண்காணிப்பாளர் ஒருவர் பிறகு சொன்னார்.

வழிபாட்டுக் கணக்குப்படி பார்த்தால் பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் முழுக்கவே அவசரக்குடுக்கை. திருச்சபைக்கு டிசம்பர் 24 மாலை வரை திருவருகைக் காலம்தான். பூசைக்கு ஊதா அங்கி, காத்திருக்கும் நாள். பாலன் பிறப்பது நள்ளிரவுப் பூசையில். ஆனால் பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டால் பிள்ளைகள் ஏது? அதனால் எல்லாக் கத்தோலிக்கப் பள்ளியிலும் பாலன் ஒன்றிரண்டு நாள் முந்தியே பிறந்துவிடுகிறார். இந்தப் பள்ளியில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடிலில் வைக்கும் பாலன் சுரூபம் கோயிலுக்குச் சொந்தம். பள்ளிக்கு அது இரவல்தான். மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு துண்டில் பொதிந்து கொண்டுவந்து கொடுத்த கோயில்பிள்ளை, நாலு மணிக்கெல்லாம் திருப்பி வாங்கிப் போகக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். “போன வருஷம் சுண்டுவிரல்ல சிராய்ச்சிட்டானுவ” என்றார் என்னிடம், பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல.

குடில் மட்டும் பள்ளியின் சொந்தச் சரக்கு. 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலைக்கிராமத்தில் அசிசி நகர் பிரான்சிஸ் தீவனத்தொட்டியும் வைக்கோலும் மாடும் கழுதையுமாக முதல் குடிலை வைத்தபோது, அது எண்ணூறு வருடம் கழித்துக் கேழ்வரகு முளையோடு ஒரு பனங்காட்டுப் பள்ளியில் வந்து நிற்கும் என்று நினைத்திருக்க மாட்டார். கோணிச்சாக்கைக் களிமண் கரைசலில் முக்கிக் கம்பின் மேல் போர்த்தினால் மலை. உடைந்த கண்ணாடித் துண்டு குளம். மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்தால் பாதையோரப் புல். ஆனால் தொழுவத்தின் முன்னால் இருக்கும் புல் நிஜப் புல். பத்து நாளுக்கு முன்பே கேழ்வரகையும் கம்பையும் ஒரு ராத்திரி ஊறவைத்து, சிரட்டையில் சாணமும் மணலும் போட்டு விதைத்து, இருட்டறையில் வைத்துவிடுகிறார்கள். வெயில் படாமல் வளர்ந்தால் வெளிறிய மஞ்சளில் நெடுநெடுவென்று வரும். கடைசி இரண்டு நாள் வெளிச்சம் காட்டினால் பச்சை ஏறும். அறிவியல் ஆசிரியர் இதை வைத்துப் பச்சையத்தைப் பற்றிப் பாடம் நடத்துவார். ஆனால் எத்தனை நாள், எவ்வளவு தண்ணீர் என்று பக்குவம் சொல்லிக் கொடுத்தது பையன்களின் ஆத்தாமார்கள். மாரியம்மன் கொடைக்கு முளைப்பாரி போட்ட கைகள் அவை. அம்மன் முன்னால் வைக்கிற முளைக்கும் பாலன் முன்னால் வைக்கிற முளைக்கும் விதை ஒரே பலசரக்குக் கடையில்தான் வாங்குகிறார்கள்.

என் ஆட்டுக்குட்டிக் கதை இங்கேதான் வர வேண்டும். ஏழாம் வகுப்பில் நான் இடையன். அப்பாவின் துண்டு தலையில், வீட்டுக் கம்பளி தோளில், கண்மையில் மீசை. அட்டை ஆடு வைத்தால் நன்றாக இருக்காது என்று எனக்குத் தோன்றி, பக்கத்து வீட்டு வெள்ளாட்டுக்குட்டியைக் கேட்டு வாங்கி மேடைக்குக் கொண்டுபோய்விட்டேன். தேவதூதர் நற்செய்தி அறிவிக்கிற வரைக்கும் குட்டி சாதுவாகத்தான் இருந்தது. ஞானிகள் பொன்னும் தூபமும் வைத்து மண்டியிட்ட நேரம், அதன் கண்ணில் கேழ்வரகு முளை பட்டுவிட்டது. பத்து நாள் பயிரை இரண்டு நிமிடத்தில் மேய்ந்து முடித்தது. இழுத்துப் பிடிக்கப் போனவன் கால் தட்டி மலை சரிந்தது. கூட்டம் அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்குப் பிறகு எதற்கும் சிரித்து நான் பார்க்கவில்லை. பங்குச் சாமியார் மட்டும், “பெத்லகேம்ல அன்னிக்கு ஆடு சும்மாவா இருந்திருக்கும்?” என்று கேட்டு என்னை அடியிலிருந்து காப்பாற்றினார். பெயர் போட்டால் அந்தப் பள்ளியில் இன்னமும் என்னை அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முப்பத்தாறு டிகிரி

பிளாஸ்டிக் நட்சத்திரம் நூற்றைம்பது ரூபாய்க்குத் தொங்குகிற காலத்தில் இந்தப் பள்ளி இன்னும் மூங்கிலில்தான் நட்சத்திரம் கட்டுகிறது. கட்டியது பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில் கடைசி பெஞ்சுக்காரர்கள் மூவர். அவர்களில் ஒருவன் காலாண்டில் கணக்குப் பாடத்தில் வாங்கியது 19. பாஸாக 35 வேண்டும்.

அவன் கட்டுவதை அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரே அளவில் சீவிய பத்துச் சிம்பு. ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே போட்டுச் சணலால் முனைகளைக் கட்டினால் தட்டையான ஒரு நட்சத்திரம். அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் முனைக்கு முனை சேர்த்துக் கட்டிவிட்டு, உள்ளே உள்ள ஐந்து மூலையிலும் விரல் நீளக் குச்சியை முட்டுக் கொடுத்தால், தட்டையாகக் கிடந்தது சட்டென்று வயிறு உப்பி நிமிர்கிறது. அந்தக் குச்சி ஒன்று கூடக்குறைய இருந்தால் நட்சத்திரம் கோணிக்கொள்ளும். அவன் அளவுகோல் எடுக்கவே இல்லை. விரல் கணுவை வைத்தே அளந்தான்.

ஒழுங்கான ஐந்துமுனை நட்சத்திரத்தில் ஒவ்வொரு முனையும் 36 டிகிரி. ஐந்தையும் கூட்டினால் 180. நட்சத்திரம் கோணலாக இருந்தாலும் கூட்டுத்தொகை 180-தான். அந்த வழியாகப் போன கணக்கு ஆசிரியர் நின்று இதைச் சொன்னார். “இவன் இதை வருஷா வருஷம் கையால நிரூபிக்கான். தாள்ல எழுதச் சொன்னா மாட்டேங்கான்” என்றார். குறையாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் பாதி பள்ளிக்கூடத்துச் சரக்குத்தான். ஐரோப்பாவில் இன்றும் புகழோடு இருக்கும் மொரேவிய நட்சத்திரம், 1830-களில் ஜெர்மனியின் நீஸ்கி ஊர்ப் பள்ளியில் பையன்களுக்கு வடிவியல் சொல்லிக் கொடுக்கச் செய்த கைவேலை. திருவருகை வளையத்தில் வாரம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறோமே, அது 1839-இல் ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளின் இல்லம் நடத்திய யோஹான் விஹர்ன் என்ற லுத்தரன் போதகரின் யோசனை. ‘கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ’ என்று பிள்ளைகள் நச்சரித்ததால் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டு, நாளுக்கு ஒன்றாக ஏற்றச் சொன்னார். 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் கிராமத்துக் கோயிலில் முதன்முதலாகப் பாடப்பட்டு, இன்று பல மொழிகளில் பாடப்படும் ‘சைலன்ட் நைட்’ பாட்டுக்கு மெட்டுப் போட்ட ஃபிரான்ஸ் குரூபர், பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளி வாத்தியார். இதில் முதல் இரண்டும் கத்தோலிக்கரல்லாதவர்கள் தந்தது என்பது ஃபாதருக்கும் தெரியும். “நல்லதா இருந்தா எடுத்துக்க வேண்டியதுதானே” என்றார்.

‘ஜிங்கிள் பெல்ஸ்’ பற்றித்தான் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 1857-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பியர்பாண்ட் வெளியிட்ட அந்தப் பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது. பனியில் குதிரை பூட்டிய சறுக்குவண்டி ஓட்டுகிற குஷிப் பாட்டு. அதை வேர்த்து வடியும் மதியத்தில், தாடிக்குள் பஞ்சு குத்த, வயிற்றில் தலையணை நழுவ ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா ஆட, எண்ணூறு பையன்கள் கைதட்டிப் பாடுகிறார்கள். பாலன் பிறப்புக்குத் தாலாட்டு தமிழில் இல்லையா என்ன? பக்கத்தில் இருந்த இசை ஆசிரியரிடம் கேட்டேன். “இருக்கு சார். ஆனா இதுக்குத்தான் பசங்க எந்திரிச்சு ஆடுறானுவ.” அதற்கு மேல் நான் வாதம் பண்ணவில்லை.

பட்டியலில் வந்ததும் வராததும்

நாடகத்துக்கு முன்னால் ஆண்டின் சாதனைப் பட்டியலை வாசிப்பது இங்கே வழக்கம். பரிசுக் கோப்பைகளைக் குடிலின் பக்கத்திலேயே மேசை போட்டு அடுக்கியிருந்தார்கள். உதவித் தலைமையாசிரியர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வில் வென்றவர்கள் மேடைக்கு வந்தார்கள். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை வருடம் 12,000 ரூபாய் கிடைக்கும் உதவித்தொகை அது. உப்பளத்தில் வாருபலகை பிடிக்கிற வீட்டுக்கு நாலு வருடத்தில் 48,000 என்பது விளையாட்டல்ல. பிறகு தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் தேறிய பிளஸ் ஒன் மாணவன். மாதம் 1,500 வீதம் இரண்டு வருடத்துக்கு. வாலிபால் அணிக்கு மாவட்ட அளவில் இரண்டாமிடம். இறுதி ஆட்டத்தில் தோற்றதை வாசிப்பவர் மெதுவாகக் கடந்துவிட்டார்.

பொதுத்தேர்வு மதிப்பெண்ணைப் பற்றி ஒரே ஒரு வரிதான். பதினைந்து வருடம் முன்னால் வந்திருந்தால் அதுவே விழாவாக இருந்திருக்கும். மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று பள்ளிக்குப் பள்ளி வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ். அதில் மல்லிகைப்பூ வைத்த ஒரு பெண்ணோ திருநீறு பூசிய ஒரு பையனோ. மேலே ஆசி வழங்கும் இயேசு. 2017 மே மாதம் தமிழக அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தியது. அன்றைக்கு அதைத் திட்டிய தலைமையாசிரியர்களை எனக்குத் தெரியும். கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் அந்தப் போட்டியில் பங்கு உண்டு. தேறமாட்டான் என்று தோன்றுகிற பையனை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பி நூறு சதவீதத்தைக் காப்பாற்றிய கதைகள் இந்தப் பக்கத்தில் ஏராளம். அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒருவன் என் பெரியம்மா மகன். அவன் பங்குக்கும் சேர்த்து அந்த ஃபிளெக்ஸ்களை நான் முறைத்துப் பார்த்திருக்கிறேன்.

கத்தோலிக்கப் பள்ளிகளின் சாதனை என்றாலே சொல்வதற்குச் சில பெயர்கள் எல்லோரிடமும் உண்டு. சென்னை எழும்பூர் டான் பாஸ்கோவில் படித்து 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான விஸ்வநாதன் ஆனந்த், தியாகராய நகர் ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்டின் இந்திரா நூயி, சர்ச் பார்க்கில் படித்த ஜெயலலிதா. விசாகப்பட்டினம் புனித அலோசியஸ் பள்ளியில் பதினோரு வயதில் மெட்ரிகுலேஷன் முடித்த சர் சி.வி.ராமனையும் சேர்த்துக்கொள்ளலாம். நால்வரும் இந்து வீட்டுப் பிள்ளைகள். இந்தப் பள்ளியிலும் அப்படித்தான்: அன்றைய நாடகத்தின் மரியாள் ஒரு இந்து நாடார் வீட்டுப் பையன், மூன்று ராஜாக்களில் ஒருவன் முஸ்லிம். ஞானோபதேச வகுப்பு மணி அடித்தால் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு அறைக்கும் மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கும் பிரிவார்கள். ஆனாலும் மங்கள வார்த்தை ஜெபம் இருசாராருக்கும் மனப்பாடம். இந்தக் கரையில் அதற்கு வயது ஐந்நூறை நெருங்குகிறது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் சொல்லி அதை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை ஆட்டியபடி தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டியதைத் தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். கட்டடம் இல்லை, பெஞ்சு இல்லை. மணி மட்டும் இருந்தது. அடுத்து வந்த ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். 1586-இல் இதே கரையில், புன்னைக்காயலில், ‘அடியார் வரலாறு’ அச்சானது.

பழம்பெருமை இருக்கட்டும். மேடையில் இருந்து இறங்கிய ஃபாதர் என்னிடம் சொன்னது வேறு விஷயம். 2020-இல் வந்த 7.5 சதவீத மருத்துவ உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். “எதிர்வீட்டுப் பையன் அரசுப் பள்ளி, இவன் எங்க பள்ளி. ரெண்டு பேர் அப்பாவும் ஒரே போட்டுல போறவங்க. நாங்களும் ஃபீஸ் வாங்கலை. இவனுக்கு மட்டும் ஏன் இல்லேன்னு கேட்டா நான் என்ன சொல்ல?” கேள்வி நியாயமானது. அரசு உதவிபெறும் பள்ளி என்பது தாலி கட்டியும் சீர் வாங்காத மருமகள் நிலைமைதான். சம்பளம் அரசு தருகிறது, சில சலுகைகள் வருகிறபோது கதவு சாத்திக்கொள்கிறது.

பட்டியலில் வராத ஒன்றைத் தமிழாசிரியர் சொன்னார். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நடுவெள்ளத்தில் நின்றது நினைவிருக்கும். அரையாண்டுத் தேர்வு பாதியில் நின்றது. இருட்டறையில் இருந்த கேழ்வரகு முளை சிரட்டையோடு மிதந்து போனது. இந்தப் பள்ளியின் மாடி வகுப்புகளில் ஊர் ஜனம் ஏறி உட்கார்ந்தது. கடற்கரையில் இருந்து மீனவர்கள் லாரியில் படகைக் கொண்டுவந்து இறக்கினார்கள். படகு இருந்தது, ஆனால் எந்தச் சந்தில் எந்த வீட்டில் எழுந்திருக்க முடியாத கிழவி படுத்திருக்கிறாள் என்பது வெளியூர்ப் படகுக்காரருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு படகின் முனையிலும் ஒரு பையன் உட்கார்ந்து வழி சொன்னான். “எங்க பயலுவதான். வகுப்புல பாதி நாள் லீவு போடுற பயலுவ. ஊர் சுத்தினதுனால தெருவெல்லாம் அத்துப்படி.” அந்த வருடம் குடில் இல்லை, கேக் இல்லை. மேடையில் அடுப்பு மூட்டிப் பொங்கிப் போட்டார்களாம். சிமென்டுத் தரையில் கரி பிடித்த வட்டம் இன்னும் லேசாகத் தெரிகிறது. அதன்மேல்தான் இந்த வருடம் தொழுவத்தை வைத்திருந்தார்கள்.

சீட்டு விழுந்தது

யார் ராஜா, யார் இடையன்? வேறு ஊரில் இது சின்னக் கேள்வியாக இருக்கலாம். இந்தச் சீமையில் அப்படியில்லை. பையன்களின் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறம் சாதியைச் சொல்லும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு பட்டியலின மாணவனை, கூடப் படிக்கிற பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் கலர் கயிற்றைப் பள்ளிகளில் தடைசெய்யச் சொன்னது. கத்தோலிக்கப் பள்ளி வளாகத்துக்குள் வந்ததும் சாதி செருப்போடு சேர்ந்து வாசலில் கழன்றுவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். கோயிலிலும் கல்லறையிலும் பிரித்துவைத்த வரலாறு இங்கே உண்டு.

முன்பு ஒரு வருடம், ராஜா வேடம் கட்டியவனுக்கு முன்னால் இடையன் வேடக்காரன் மண்டியிட மாட்டேன் என்று ஒத்திகையில் முறுக்கிக்கொண்டானாம். விஷயம் வீடு வரை போயிருக்கிறது. தமிழாசிரியர் அடுத்த வருடத்திலிருந்து திருவுளச் சீட்டுக்கு மாறிவிட்டார். எல்லாப் பாத்திரத்தையும் எழுதி ஒரு தூக்குச்சட்டியில் போட்டுக் குலுக்குவது, எடுத்தது எடுத்ததுதான். நம் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு யோசேப்பு விழுந்தது அப்படித்தான். தலைப்பாகை, தாடி, நீளக் கை அங்கி எல்லாம் மாட்டி வரிசையில் நின்றபோது எவன் மணிக்கட்டும் தெரியவில்லை. ஆசிரியர் அதையும் யோசித்தே நீளக் கை தைக்கச் சொல்லியிருப்பார் என்று எனக்குச் சந்தேகம். கேட்டதற்கு, “டிசம்பர்ல குளிரும்லா” என்றார். வெயில் முதுகைப் பிளந்துகொண்டிருந்தது.

நாடகம் பன்னிரண்டு நிமிடம். ஏரோது வேடக்காரன் மூன்று சிரிப்பையும் ஆறாக்கினான், பழைய சினிமா வில்லன் பி.எஸ்.வீரப்பாவை அவன் பார்த்திருக்க வழியில்லை, தாத்தாவிடம் கற்றிருப்பான். எங்கள் அக்கா படித்த கன்னியர் பள்ளியில் ஏரோது வேடத்துக்குத்தான் அடிபிடி என்பாள். வருடம் முழுக்க ‘பொம்பளைப் பிள்ளையா அடக்கமா இரு’ என்று கேட்ட பெண்களுக்குக் கண்மை தாடி வைத்துக்கொண்டு கத்திச் சிரிக்க ஒருநாள் அனுமதி. ஆண்கள் பள்ளியில் மரியாள் வேடத்துக்கு வெட்கப்படுவார்கள். இந்த மரியாள் வெட்கப்படவில்லை. முக்காட்டை மட்டும் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான்.

கபிரியேல், நீலத் துணிக்குப் பின்னால் பெஞ்சின்மேல் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, ஒன்றரைப் பக்க வசனத்தைப் பிசகாமல் சொன்னான். கைதட்டு அவனுக்குத்தான் அதிகம். யோசேப்பு பெஞ்சை ஒட்டி, கையில் காகித லீலி மலர் ஒட்டிய கோலோடு நின்றான். இடையர்கள் வந்தார்கள், ராஜாக்கள் வந்தார்கள், நகரவில்லை. பாலனை எல்லோரும் குனிந்து பார்க்கிற இடத்தில்கூட அவன் மட்டும் இடுப்பை வளைத்தானே தவிர வலது காலை எடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை உதட்டைக் கடித்தான். அழகாக நடிக்கிறான் என்று நினைத்தேன்.

திரை விழுந்ததும் பின்னால் போனேன். யோசேப்பு நொண்டிக்கொண்டிருந்தான். கால்விரல் கன்றிச் சிவந்திருந்தது.

“என்னலே ஆச்சு?” என்றார் தமிழாசிரியர்.

“பெஞ்சுக்கு ஒரு கால் கட்டை சார். கபிரியேல் ஏறினதும் ஆட ஆரம்பிச்சிட்டு. அடியில காலை விட்டு முட்டுக் கொடுத்திட்டு நின்னேன்.”

“சொல்லியிருக்கலாம்லலே.”

“டயலாக் கிடையாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க.”

கோயில்பிள்ளை பாலனின் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். வகுப்பறைகளில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு விரல் அகலத் துண்டு, ஒரு வாழைப்பழம். சீட்டில் பெயர் எடுத்த கிறிஸ்துமஸ் பிரெண்டுக்கு ஐம்பது ரூபாய்க்குள் பரிசு வாங்க வேண்டும் என்று விதி. டிபன் பாக்ஸ், பேனா, சோப்பு டப்பா. ஒருத்தன் உயிரோடு ஒரு கோழிக்குஞ்சைக் கொண்டுவந்திருந்தான். ஆட்டுக்குட்டியை நினைத்துக்கொண்டு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நாலே காலுக்கு டவுன் பஸ். யோசேப்பு வேடத்தைக் கலைக்கவில்லை. அம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் கலைப்பானாம். சீருடை இல்லாமல் ஏறினால் இலவச பாஸைக் காட்ட வேண்டும், பாஸ் பையின் அடியில், பை முதுகில், ஒரு கையில் லீலிக் கோல், மறு கையில் தங்கச்சிக்கு என்று செய்தித்தாளில் பொதிந்த கேக். பிடித்துக்கொள்ள மூன்றாவது கை இல்லாமல் படியிலேயே தொங்கிக்கொண்டு நின்றான். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே அவனை மேலும் கீழும் பார்த்தார். பாஸ் கேட்கவில்லை.

“ஏலே யோசேப்பு, படியில நிக்காத. உள்ள ஏறு.”